கடலில்லாச் சீமையிலிருந்து சிப்பி பார்க்கப் போகிறவர்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என்று எந்தப் பக்கம் இருந்தாலும் நமக்குக் கடல் என்பது வருசத்துக்கு ஒருமுறைச் சமாச்சாரம். திதி கொடுக்க ராமேசுவரம் போவோம். தீர்த்தமாடி முடித்ததும் பிள்ளைகள் ஒரு பை நிறையக் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டு வரும். வண்டி திண்டுக்கல்லைத் தாண்டுவதற்குள் கவிச்சி அடிக்க ஆரம்பித்துவிடும். ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது பை குப்பைத்தொட்டிக்குப் போய்ச் சேரும்.

அப்படி ஆகாமல், பார்த்ததும் மனதில் நின்று, கொண்டுவந்ததும் வீட்டில் நிற்க வேண்டுமானால் சில விசயங்களை முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாகப் போகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடம்

கோவைக்காரர்களுக்குக் கிட்டத்துக் கடல் உண்மையில் மேற்கேதான் இருக்கிறது. பாலக்காடு தாண்டிப் போனால் பொன்னானி, குருவாயூர்ப் பக்கம் சாவக்காடு. அங்கேயும் சிப்பி கிடைக்கும். ஆனால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அந்தக் கரை முரட்டுக் கரை. சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு நிதானமாகக் குனிந்து பார்த்து நடக்க பாக் விரிகுடாதான் தோது. நமக்கும் இலங்கைக்கும் நடுவில் ஆழம் குறைந்து கிடக்கும் கடல் அது. அலை சின்னது, அடியில் சேறும் கடற்புல்லும். புல் இருக்கும் இடத்தில் நண்டு, நத்தை, மட்டி எல்லாம் குடியிருக்கும். அதனால் கரை ஒதுங்குவதும் பலவகையாக இருக்கும்.

ராமேசுவரம் தீவில் வடபக்கக் கடலைப் பெண்கடல் என்பார்கள், தென்பக்கத்தை ஆண்கடல் என்பார்கள். வடபக்கம் பாக் விரிகுடா, தென்பக்கம் மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிச் சாலையில் போகும்போது இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஒரு பக்கம் குளம் மாதிரி கிடக்கும், மறுபக்கம் அடித்து நொறுக்கும். காற்று மாறும்போது இந்தக் குணமும் மாறும். ஆனி ஆடியில் தென்பக்கம் கொந்தளிக்கும், ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக் காற்று வீசும்போது வடபக்கம் கலங்கும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது உச்சிப்புளிப் பக்கம் இருக்கும் அரியமான் கடற்கரை. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் வழியில் வடக்கே பிரிய வேண்டும். மணல் கரை, சவுக்கு நிழல், அலை குறைவு. தேவிபட்டினத்தில் நவபாஷாணம் கும்பிடப் போகிறவர்கள் அந்தக் கரையிலும் கொஞ்ச தூரம் நடக்கலாம். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகில் கூட்டிப்போகிறது, அது வேறு அனுபவம். அக்னி தீர்த்தத்தில் மட்டும் சிப்பி தேட வேண்டாம். கூட்டமும், ஜனங்கள் விட்டுவிட்டுப் போகும் ஈரத் துணியும்தான் அங்கே காலில் சிக்கும். தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனை பார்க்க அழகு, ஆனால் நீரோட்டம் பொல்லாதது. கரையில் நடப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பொழுது சாயும் முன்பே போலீஸார் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

போக்குவரத்தைப் பற்றி ஒரு வார்த்தை: தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி வழியாகக் கோவையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபின் ரயிலும் மறுபடி தீவுவரை ஓடுகிறது. ஆனால் அரியமான், தேவிபட்டினம் என்று சுற்ற நினைத்தால் வண்டி இருப்பதே நல்லது.

எந்த நாள், எந்த நேரம்

இந்த விசயத்தில் நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. நாம் போவதே அமாவாசைக்குத்தான். அமாவாசையிலும் பௌர்ணமியிலும், அதையொட்டிய இரண்டு மூன்று நாட்களிலும் கடல் மற்ற நாட்களைவிட அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் வருவது. பாக் விரிகுடாவில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் கரை சரிவில்லாமல் தட்டையாக இருப்பதால், தண்ணீர் கொஞ்சம் வற்றினாலே நிறைய மணல் வெளியே தெரியும்.

தை அமாவாசை ஆடி அமாவாசையைவிட நல்லது. வாடைக்காற்று மாதக்கணக்கில் கரையில் தள்ளியது எல்லாம் அப்போதுதான் கிடக்கும். ஆடியில் வடபக்கம் அமைதி, அதனால் புதிதாக ஒதுங்குவதும் குறைவு. பொங்கல் விடுமுறையும் இதே காலத்தில் வருவதால் பிள்ளைகளுக்கும் தோது.

வற்றும் நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். செல்போனில் பார்க்கலாம். அதைவிடக் கரையில் வலை உலர்த்துகிறவரிடம் கேட்பது உத்தமம். "ஏனுங்கண்ணா, இன்னைக்குத் தண்ணி எப்ப வத்துமுங்க?" என்று கேட்டால் நம் பேச்சைக் கேட்டே எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நேரத்தையும் சொல்லி, எந்தப் பக்கம் சேறு, எந்தப் பக்கம் மணல் என்பதையும் சொல்லித்தான் அனுப்புவார்கள். வற்றி முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கிவிட வேண்டும். அதிகாலையில் வற்றும் நாளாக அமைந்தால் இன்னும் நல்லது. பறவைகளும் நாய்களும் கிளறுவதற்கு முன் பார்த்துவிடலாம், வெயிலும் மண்டையைப் பிளக்காது.

கையோடு கொண்டுபோக வேண்டியவை

பெரிய செலவு ஒன்றுமில்லை. பின்பக்கம் பட்டை வைத்த ரப்பர் செருப்பு கட்டாயம், வெறுங்கால் கூடாது. தொப்பி, குடிதண்ணீர், ஒரு பிளாஸ்டிக் மக்கு, பழைய பல்துலக்கும் பிரஷ், ஒரு பூதக்கண்ணாடி, பென்சில், சின்ன நோட்டு. பை மஞ்சப்பையே போதும். பாலித்தீனில் போட்டால் வேர்த்துப் புழுங்கி நாற்றம் இரட்டிப்பாகும்.

நம் ஊர்ச் சரக்கு இரண்டு இங்கே நன்றாகக் கைகொடுக்கும். ஒன்று, முட்டை அட்டை. மெல்லிய சிப்பி, சின்னச் சங்கு எல்லாம் குழிக்கு ஒன்றாக வைத்தால் ஒன்றோடொன்று உரசாது. இன்னொன்று, திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட். ஒரு கைப்பிடி கொண்டுபோய் உடையக்கூடியதைச் சுற்றி வைத்தால் மதுரைச் சாலையின் எந்தக் குழியும் ஒன்றும் செய்யாது.

கரையில் எங்கே கண் வைப்பது

புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் செய்வது அலை வந்து போகும் ஓரத்திலேயே நடப்பது. அங்கே கிடப்பது பெரும்பாலும் நொறுங்கிய கிளிஞ்சல். கொஞ்சம் மேலே ஏறிப் பாருங்கள். போன ஏற்றத்தில் தண்ணீர் எட்டிய உயரத்தில் காய்ந்த புல்லும் பாசியும் ஒரு கோடாகக் கிடக்கும். அதற்கும் மேலே, போன அமாவாசைக்கோ புயலுக்கோ ஒதுங்கிய பழைய கோடு ஒன்று இருக்கும். இந்த இரண்டு கோடுகளில்தான் சங்கதி இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் நடப்பதைவிட ஐம்பது அடிக்குள் உட்கார்ந்து பாசியைப் பிரித்துப் பார்ப்பதே லாபம்.

பாசிக்குவியலை விரலால் கிளறக் கூடாது, குச்சியால் புரட்ட வேண்டும். ராமநாதபுரக் கரையில் பெண்கள் கடலில் முங்கி எடுக்கும் கட்டக்கோரை, கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி எல்லாம் துண்டு துண்டாக இதில் கலந்திருக்கும். கட்டக்கோரைக்குச் சின்னச் சின்னக் காற்றுக்குமிழ் உண்டு, அழுத்தினால் டப்பென்று உடையும். அந்தப் பாசியின் அடியில் கொட்டலசு (மரத்திலும் சிப்பியிலும் ஒட்டி வளரும் ஓட்டுப்பிராணி) ஒட்டிய மரத்துண்டு, கணவாய் ஓடு, மீன் முட்டைக்கூடு, சில சமயம் கழற்சிக்காய்கூடக் கிடைக்கும். ஆமாம், நம் வேலியோரத்தில் முள்ளோடு காய்க்கும் அதே கழற்சிதான். அதன் விதை மிதக்கும், கடலில் நீண்ட தூரம் போய் எங்கேயோ ஒதுங்கி முளைக்கவும் செய்யும்.

இன்னொரு நல்ல இடம் வலை உதறும் இடம். நண்டு வலையிலிருந்து மீனையும் நண்டையும் எடுத்தபின் வேண்டாத முள்ளிச்சங்கு, உடைந்த சிப்பி, நட்சத்திர மீன் எல்லாவற்றையும் ஓரமாகக் கொட்டுவார்கள். ஆழத்தில் இருக்கும் வகைகளை நம்மைப் போன்றவர்கள் பார்க்க அதைவிட எளிய வழி கிடையாது. கேட்டுவிட்டுத்தான் கிட்டப் போக வேண்டும், அவர்கள் வேலைக்குக் குறுக்கே நிற்கவும் கூடாது. கெளுத்தி முள் மணலில் புதைந்து கிடக்கும், அதனால் செருப்பைக் கழற்றாதீர்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். கோடை விடுமுறையில் போனால் நாட்டுப்படகு வரும் கரையாகப் பார்த்துப் போக வேண்டும்.

என்னென்ன பார்க்கலாம்

எல்லாவற்றையும் சொல்லி மாளாது. முதல் தடவை போகிறவர் கண்ணில் கட்டாயம் படும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

மட்டி, சிப்பி. இரண்டு ஓடு சேர்ந்தது மட்டி. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை ஓடு. இரண்டும் கீலோடு சேர்ந்தே கிடந்தால் அண்மையில் செத்தது என்று அர்த்தம். வெளிப்புறத்து வரிகள் அது வளர்ந்த வரிகள். இப்படி ஓடுகளைப் பொறுக்கும்போது, கீலுக்குப் பக்கத்தில் துல்லியமான வட்ட ஓட்டை விழுந்த ஓடு ஒன்றாவது கையில் வரும். வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் அகலமாகவும் உள்பக்கம் குறுகலாகவும், தச்சர் திருகாணித் தலை இறங்கக் குடைந்தது போல் சரிவாக இருக்கும். அதைச் செய்தது மணலுக்குள் வாழும் உருண்டையான ஒரு கடல் நத்தை. மட்டியைக் காலால் அணைத்துப் பிடித்து, அமிலம் விட்டு இளக்கி, அரம் போன்ற நாக்கால் மணிக்கணக்கில் சுரண்டித் துளை போட்டு, உள்ளே இருக்கும் சதையைத் தின்றுவிடும். யாரோ மாலை கோக்க ஓட்டை போட்டது என்று பிள்ளைகள் நினைக்கும். அது ஒரு கொலையின் தடயம் என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் ஓட்டை இல்லாத சிப்பியை எடுக்கவே மாட்டார்கள்.

அதே நத்தையின் முட்டையும் கரையில் கிடக்கும். சாம்பல் நிறத்தில், மணலைப் பிசின் போட்டு ஒட்டிச் சட்டைக் காலர் வடிவில் வளைத்தது. உடைந்த ரப்பர் என்று நினைத்துப் பலர் மிதித்துவிட்டுப் போவார்கள். அந்த மணலுக்கு நடுவில் ஆயிரக்கணக்கில் முட்டை இருக்கும். ஈரமாக, வளைந்து கொடுப்பதாக இருந்தால் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.

சங்கு. கோயிலில் ஊதுவதும் சாவுக்கு ஊதுவதும் இதுதான். உயிரோடு இருக்கும்போது வெள்ளையாக இருக்காது, பழுப்பு நிறத்தில் தோல் போர்த்தியிருக்கும். கடையில் இருக்கும் பளிங்கு வெள்ளை, தோலை நீக்கித் தேய்த்தபின் வருவது. முழுச் சங்கு கரையில் கிடைப்பது அபூர்வம், துண்டுதான் கிடைக்கும். சங்கின் முட்டைக்கூடும் ஒதுங்கும். மடிப்பு மடிப்பாக வளைந்த கிடாய்க் கொம்பு என்றே தோன்றும். அறை அறையாகப் பிரிந்திருக்கும், உள்ளேயிருந்து குஞ்சுச் சங்குகள் வெளியேறிய துளைகளையும் பார்க்கலாம். சென்னிமலைக்கு அந்தப்பக்கம் நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டியபோது சங்கு அறுத்து வளையல் செய்த தடயங்கள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்தக் கடல் சரக்கு நம் சீமைக்கு வந்து தொழிலாகவே நடந்திருக்கிறது. ராமேசுவரத்துச் சங்கு நமக்குப் புதிதில்லை.

வலம்புரி பற்றி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் நம்மவர்கள் இதில் ஏமாறுவது அதிகம். சங்கின் சுழல் உச்சி மேலே இருக்கும்படியும் வாய் உங்களைப் பார்க்கும்படியும் பிடியுங்கள். வாய் உங்கள் வலக்கைப் பக்கம் இருந்தால் சாதாரணச் சங்கு, இடக்கைப் பக்கம் இருந்தால் வலம்புரி. இது முதல் சோதனைதான். அமெரிக்கக் கடல்களில் இயல்பாகவே இடப்பக்கம் வாய் திறக்கும் வேறொரு சங்கினம் உண்டு, அதைக் கொண்டுவந்து வலம்புரி என்று விற்கிறார்கள். வாய்க்குள் நடுத்தண்டை விரலால் தடவுங்கள். உண்மையான சங்காக இருந்தால் மூன்று நான்கு மடிப்பு வரம்புகள் விரலில் தட்டும். அந்த அயல் சங்கில் தண்டு வழவழவென்று இருக்கும்.

சோழி. பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும், காங்கேயம் காளை கழுத்துக்கும் நாம் கட்டுவது. உயிரோடு இருக்கும்போது சதையை வெளியே நீட்டித் தன் ஓடு முழுவதையும் போர்த்திக்கொள்ளும், அதனால்தான் அந்தப் பளபளப்பு. கரையில் கிடக்கும் சோழி வெயில்பட்டு மங்கியிருக்கும். பளபளவென்று கனமாக ஒன்று கிடைத்தால் உள்ளே உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பொடிச் சங்குகள். தட்டையான சுழல், ஒரு சென்டிமீட்டர் அகலம், மேலே பீங்கான் பளபளப்பு. சில இடங்களில் மணலை அள்ளினாலே கைநிறைய வரும். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் ஒன்றில் வரி, ஒன்றில் புள்ளி, ஒன்றில் மேகம். சாம்பல், ரோஜா, காவி என்று நிறமும் வேறு வேறு. எல்லாம் ஒரே இனம். பத்து எடுத்து வரிசையாக அடுக்கிவிட்டுத் திரும்பக் கொட்டிவிடலாம், பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் போவது தெரியாது.

கணவாய் ஓடு. வெள்ளையாக, லேசாக, நீள்வட்டமாக இருக்கும், நகத்தால் கீறினால் மாவு உதிரும். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று கொடுப்பதும், லவ் பேர்ட்ஸ் கூண்டில் தொங்கவிடுவதும் இதுதான். ஒரு மீனின் முள் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் எலும்பே இல்லாத கணவாயின் உள் ஓடு அது. அறை அறையாகக் காற்று அடைத்திருப்பதால் மிதக்கும்.

அப்புறம், தட்டையான வெள்ளை வட்டில் ஐந்து இதழ்ப் பூ வரைந்த ஒன்று கிடைக்கும். கடல் முள்ளெலியின் உறவு அது. வெள்ளையாக மொட்டையாக இருந்தால் செத்தது, எடுக்கலாம். கருநிறத்தில் தொட்டால் வெல்வெட்டாக இருந்தால் உயிருள்ளது, அந்த வெல்வெட்டே அதன் முட்கள்.

உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது

எடுப்பதற்கு முன் மக்கில் கடல்தண்ணீர் மொண்டு, சங்கை அதில் போட்டு நிழலில் பத்து நிமிடம் வையுங்கள். ஊர்ந்தால், கால் நீட்டினால், குமிழ் விட்டால் எடுத்த இடத்திலேயே விட வேண்டும். வாயில் நகம் போன்ற மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. இறுக மூடிய மட்டியும் அப்படித்தான். சங்குக்குள் இருப்பது நத்தையாக இல்லாமல் துறவி நண்டாகவும் இருக்கலாம். அதற்குச் சொந்த ஓடு கிடையாது, வளர வளரப் பெரிய காலிச் சங்கு தேடி மாறிக்கொண்டே இருக்கும். நாம் நல்ல சங்கையெல்லாம் அள்ளிவிட்டால் அது பாட்டில் மூடிக்குள் குடிபோகிறது, அப்படியும் பார்க்கலாம். அதனால் உடையாத காலிச் சங்குகளில் பாதியையாவது அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

நட்சத்திர மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் போட்டோ எடுக்கிறார்கள். அது மூச்சு விடுவது தண்ணீரில்தான். தண்ணீருக்குள் வைத்தே பாருங்கள், வேண்டுமானால் அடியில் வரிசையாக அசையும் குழாய்க் கால்களைப் பார்க்கலாம்.

தொடவே கூடாதவை

கூம்பு வடிவச் சங்கு உயிரோடு கிடந்தால் கையில் எடுக்காதீர்கள். மேல்பக்கம் அகலமாகவும் கீழே குறுகியும், அழகான கோலத்தோடு இருக்கும். உள்ளே விஷ ஊசி உண்டு. சில வகைகள் ஆளைக் கொன்றிருக்கின்றன, மாற்று மருந்தும் கிடையாது. எந்த முனையில் பிடித்தாலும் ஊசி எட்டும். வெயிலில் வெளுத்து, காலியாகக் கிடப்பது வேறு விசயம்.

சொறி. ஜெல்லி மீனை மீனவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கரையில் செத்துக் கிடந்தாலும் அதன் இழைகள் கொட்டும். நீலநிறத்தில் காற்றடைத்த பை போலவோ நாணயம் போலவோ எது கிடந்தாலும் தொடக் கூடாது. கொட்டிவிட்டால் நல்லதண்ணீர் ஊற்றக் கூடாது, மணல் போட்டுத் தேய்க்கவும் கூடாது. கடல்தண்ணீரால் கழுவி, ஒட்டிய இழையை ஏதாவது அட்டையால் தள்ளிவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வையுங்கள். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு அடைத்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

வாலில் விஷமுள் உள்ள திருக்கை மீன் மணலில் புதைந்து படுக்கும். முழங்கால் தண்ணீரில் நடந்தால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள், அது விலகிப்போய்விடும். உடம்பைப் பந்து போல் ஊதிக்கொள்ளும் பேத்தை மீன் செத்துக் கிடந்தால் நாய்க்கும் போடாதீர்கள், விஷம். தார் உருண்டை காலில் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது

இதை யாரும் சொல்வதில்லை, தெரியாமல் மாட்டிக்கொள்வோரும் உண்டு. பவளம், கடல்விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. செத்த பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். முதல் அட்டவணை உயிரினம் சம்பந்தப்பட்ட குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ராட்சத மட்டி, நாட்டிலஸ் உள்பட சில சங்கு சிப்பி வகைகளும் பட்டியலில் உண்டு. எது பட்டியலில் இருக்கிறது என்று புதியவருக்குத் தெரியாது என்பதால், உள்ளங்கையைவிடப் பெரிதாக இருக்கும் எதையும் போட்டோ எடுத்துவிட்டு விட்டுவிடுவது புத்திசாலித்தனம். கடையில் வைத்து விற்கிறார்கள் என்பதாலேயே ஒரு பொருள் சட்டப்படி சரியாகிவிடாது. வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் யாராவது படகில் கூட்டிப்போகிறேன் என்றால் ஏறாதீர்கள். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. மேலே சொன்ன கடற்புல்தான் அதன் தீனி. கடற்பசுவோ ஓங்கிலோ (டால்பின்) பங்குனி ஆமையோ உயிரோடு ஒதுங்கியிருந்தால் நாமாகக் கடலுக்குள் தள்ளக் கூடாது. கூட்டம் கூடாமல் பார்த்துக்கொண்டு வனத்துறைக்கோ 112-க்கோ சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்

கிளம்பும் முன்பே அறைக் குழாயில் ஒருமுறை அலசி, நிழலில் உலர்த்தி மூட்டை கட்டினால் வண்டியில் நாற்றம் வராது. வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்துத் தினமும் தண்ணீரை மாற்றுங்கள். உப்பு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பிற்பாடு பூத்துப்போகும். கடைசி அலசலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம், நம் பக்கத்துப் போர் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளைப் படலம் விடும். சிறுவாணியோ காவிரியோ குடிக்கிற தண்ணீரில் முடியுங்கள்.

பித்தளைக்குப் புளி போடுகிற பழக்கத்தில் யாராவது சிப்பிக்கும் புளியோ எலுமிச்சையோ போட்டுவிடுவார்கள், முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். சிப்பி ஓடு சுண்ணாம்புச் சத்து. புளிப்புப் பட்டால் நுரைத்துக் கரையும், மேற்பளபளப்பு போய்விடும், திரும்ப வராது. பிரஷால் தேய்ப்பதே போதும். ஒட்டிய கொட்டலசை ஊசியால் மெல்ல நெம்பி எடுக்கலாம். மங்கலாகத் தெரிந்தால் ஒரு சொட்டு பேபி ஆயில் தடவித் துடையுங்கள். கடலை எண்ணெய் சிக்குப் பிடிக்கும்.

வழியில் முட்டை அட்டை நல்லதுதான், ஆனால் வருசக்கணக்கில் வைக்க அட்டையும் மரப்பெட்டியும் ஆகாது. அவற்றிலிருந்து மெல்ல வெளிவரும் அமில ஆவி சிப்பி ஓடுகளை அரித்து வெள்ளைப் பொடி பூக்க வைக்கும். கண்ணாடி பாட்டில் அல்லது பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சீட்டு போடுங்கள். எந்தக் கரை, எந்தத் தேதி, பெண்கடலா ஆண்கடலா, பாசிக் கோட்டிலா வலை உதறிய இடத்திலா என்று பென்சிலில் எழுத வேண்டும். பேனா மை வெளுத்துவிடும். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிறகு கண்டுபிடிக்கலாம். இடம் எழுதாத சிப்பியை யாராலும் திரும்ப இடம் சேர்க்க முடியாது.

பெயர் தேட, வாய்ப்பக்கம், முதுகு, உச்சி என்று மூன்று கோணத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் இனத்தைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மீன்காட்சியகம் உண்டு, கரைக்குப் போவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டுப் போனால் பாதி உயிரினங்களுக்குக் கண் பழகிவிடும். ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள்: ஐவிரல் சங்கு, யானைமுள்ளி, குதிரைமுள்ளி, புறாமுட்டை. "அக்கா, இதுக்கு உங்கூர்ல என்னங்க பேரு?" என்று கேட்டால் போதும்.

பிரித்து வைத்தபின் உடைந்த கிளிஞ்சல் ஒரு குவியல் மிச்சமாகும். அதைக் குப்பையில் போட வேண்டாம். உப்பு போக நன்றாக ஊறவைத்துக் காயவைத்து, உரலில் போட்டு நெல் அளவுக்கு இடித்து, வீட்டில் நாட்டுக்கோழி இருந்தால் தனியாக ஒரு சிரட்டையில் வையுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டிய அளவைப் பொறுக்கிக்கொள்ளும். தீவனத்தோடு கலக்க வேண்டியதில்லை.